ரத்தத்திலேயே இருக்கிறது

நாய் வளர்ப்பவர்கள் என்றொரு கூட்டம் உண்டு. அவர்களால் நமக்குத் தொந்தரவு கிடையாது. அவர்கள் கூப்பிடுவார்கள், நாய் வந்தாலும் வரும், வராமலும் போகும். எப்படியானாலும் இரண்டு தரப்பும் சந்தோஷமாக இருக்கும். நாம் பார்க்கப் போவது அவர்களை அல்ல. நாயை வளர்க்காமல் நாயின் இனத்தை மட்டும் வளர்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவே இரண்டு முறை யோசிக்கும் ஒருவர், மேட்டிலும் புல்வெளியிலும் பொழுது முழுக்க ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கப்பட்ட ஒரு வேட்டை நாயை, மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டுக்குள், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தி, "குடும்ப நாய்" என்று அறிமுகம் செய்கிறாரே, அவர்தான் நம் ஆள்.

உங்களுக்கு அவரைத் தெரியும். அவரைத் தாண்டாமல் நீங்கள் மாடிப்படி ஏறியதே கிடையாது.

அடையாளம் சொல்லட்டுமா? "இது என்ன நாய் சார்?" என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் ஒரு வார்த்தையில் பதில் சொல்வார். நம் ஆள் முதலில் கண்களை மூடுவார். பிறகு பெருமூச்சு. பிறகு, "நாய்னு சொல்லாதீங்க" என்பார். அத்தோடு நீங்கள் கடையில் வாங்கி வரும் பால் திரிந்து போவதற்கான நேரம் தொடங்கிவிட்டது. நாலு வயதுக் குழந்தை பயந்துகொண்டே "கடிக்குமா அங்கிள்?" என்று கேட்டாலும், ஆமாம் இல்லை என்ற இரண்டு பதில்களில் எதையும் சொல்லாமல், இந்த இனத்தின் தாடை பறவையை நசுக்காமல் தூக்கி வருவதற்காக எப்படி வடிவமைந்தது என்று ஆரம்பிப்பார். குழந்தை அழத் தொடங்கிய பிறகுதான் வால் பகுதிக்கே வருவார்.

நம் கைவசம் இருக்கும் மாதிரியை எடுத்துக்கொள்வோம். குடியிருப்பில் அவருக்கு வேட்டைக்காரர் என்று பெயர். அவர் வேட்டையாடி யாரும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு. சக்கரம் வைத்த நாற்காலி. பின்னால் இருக்கும் அலமாரியிலிருந்து கோப்பை எடுக்க வேண்டுமென்றால் எழுந்திருக்க மாட்டார், காலால் ஓர் உந்து உந்தி உருண்டே போய் உருண்டே திரும்புவார். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். இடுப்புயரப் புல். அதற்குள் ஒரு நாய். பறவையின் வாசனை மூக்கில் பட்டதும் அது குரைக்கவில்லை, பாயவில்லை. முன்கால் ஒன்றைத் தூக்கி, வாலை நேராக நீட்டி, மூக்கைக் குறிபார்த்து, சிலை மாதிரி நின்றுவிட்டது. வேட்டைக்காரரின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

குட்டி விற்றவர் நல்ல மனிதர். "வீட்ல யாராவது ஓடுறவங்க இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

"நிறைய பேர்" என்றார் வேட்டைக்காரர். வீட்டில் மொத்தம் மூன்று பேர்.

பன்னிரண்டு வயது மகள் அதற்கு அம்பு என்று பெயர் வைத்தாள். கதவு திறந்த நொடியில் அது போகிற போக்கைப் பார்த்து வைத்த பெயர். அவர் தன் பங்குக்கு, பதினோரு எழுத்தில் அந்நிய நாட்டுப் பிரபுவின் பெயர் ஒன்றைச் சொன்னார். நாயே திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான். சோபாவின் ஒரு பாதி காணாமல் போனது. "நிலத்தைக் கிளறிப் பாக்குது. ரத்தத்துலயே இருக்கு." குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதி போனது. "வளைக்குள்ள போற இரையைத் துரத்துது. ரத்தத்துலயே இருக்கு." மகளின் அறிவியல் நோட்டு, செரிமான மண்டலம் என்ற பாடத்தோடு சேர்ந்து செரிமான மண்டலத்துக்குள் போனது. அதுவும் ரத்தம்தான்.

"சோபா பஞ்சும் இப்ப ரத்தத்துலதான் இருக்கு. வயித்தை அமுக்கிப் பாருங்க, தலையணை மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

மனைவி மருந்துக் கடையில் மருந்தாளுநர். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நாய் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆளும் அவள்தான்; ஆகவே நாயை ஓட்டிப் போகும் பொறுப்பு, உலக வழக்கப்படி, அவளுக்கே வந்து சேர்ந்தது. காலை ஐந்தரைக்குப் பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அம்புவோடு பூங்காவை எட்டுச் சுற்று சுற்றி வருவாள். வேட்டைக்காரர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பால்கனியில் காப்பிக் கோப்பையோடு நின்று, "இடது பக்கம் விடாதே! இது காத்தை எதிர்த்து ஓடுற இனம்! காத்து எந்தப் பக்கம்னு பாரு!" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி வழிகாட்டுவார். ஓடுவதற்கென்று தனக்கு ஒரு ஜோடி ஷூ கூட வாங்கியிருந்தார். அது அட்டைப் பெட்டிக்குள், மெல்லிய காகிதம் சுற்றியபடி, பிறந்த குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

மனைவி அந்த இனத்தின் பெயரை ஒருநாளும் உச்சரித்ததில்லை. நாய் விஷமம் செய்தால் "உங்க ஆளு". வேட்டைக்காரர் பக்கத்தில் இல்லாதபோது "என் கண்ணு". இரண்டாவதை அவர் கேட்டதில்லை. அவர் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் ஓர் இறகுக் குச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூசி தட்டுவதற்காகக் கோழி இறகு கட்டிய நீளக் குச்சி ஒன்றை மனைவி வாங்கி வந்தாள். திரைச்சீலையில் முதல் தட்டுத் தட்டினாள். அம்பு சமையலறையிலிருந்து வந்தது, இறகைப் பார்த்தது, முன்காலைத் தூக்கியது, நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக் காட்டினாலும் திரும்பவில்லை. குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் இந்தத் தவம். அசைவு ஐந்து நிமிடம் நின்றுபோனால் ஒரே தாவலில் கவ்விவிடும். இரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தபின் இறகுக் குச்சி அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது. அன்று முதல் அந்த வீட்டுத் திரைச்சீலையை யாரும் தட்டவில்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி புறா வடிவில் வந்தது. ஒரு புதன்கிழமை காலை, ஓடி முடித்துப் படியேறும்போது, இரண்டாம் மாடி ஜன்னலில் புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. அம்பு மேலே பாய்ந்தது. கயிறு பாய்ந்தது. கயிற்றின் மறுமுனையில் இருந்த மனைவியும் பாய வேண்டியதாயிற்று. கணுக்கால் பிசகிவிட்டது. "ஒரு மாசம் கால் ஊனக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாள் மனைவி கூடவே இருந்ததால் வீடு தாங்கியது. வெள்ளிக்கிழமை, பிசகிய காலைக் காட்டிவர அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ஓடாத நாய், பூட்டிய வீடு. காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை அம்பு குரைத்தது.

கீழ்வீட்டில் ஒரு பெண்மணி. புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்வது அவருக்குத் தொழில். அறை முழுக்கப் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து வாசிப்பார். அவர் நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனார். புகாரை எழுதித் தரவில்லை, அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினார். தழுதழுத்த குரலில், "இத்தனை வருஷமா உன்கிட்ட சொல்ல நெனச்ச ஒரே வார்த்தை…" என்று கதாநாயகன் நிறுத்துகிறான். அடுத்து வருவது அம்புவின் குரல்.

செயலாளர் முப்பது வருடம் தேர்வு மண்டபங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வு, பரீட்சை. "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. நாய் மட்டும் வீட்டுக்குள்ள. கதவு பூட்டியிருக்கணும். நான் வாசல்ல கடிகாரத்தோட நிப்பேன். முக்கால் மணி நேரம். ஒரு குரைப்பு கேட்டாலும் ஃபெயில். ஒரு வாரத்துல நாய் இங்கேருந்து போயிடணும்."

போவதற்கு இடமும் தயாராகிவிட்டது. மனைவியின் தம்பிக்கு வேறு ஊரில் கிடங்கு. "அனுப்பு அக்கா, வாசல்ல கட்டிப் போட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தான். கட்டிப் போட்டு. அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதிலிருந்து மகள் யாரோடும் பேசவில்லை. அம்புவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே படுத்துக் கிடந்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துச் சீட்டு படிப்பது போல எதையோ படித்தாள். சீட்டு தலைகீழாக இருந்தது.

வேட்டைக்காரர் மட்டும் அசரவில்லை. "இதுல என்ன இருக்கு? ரெண்டு மணி நேரம் ஓட விட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடும். இந்த இனம் அப்படித்தான்."

"ஓட விட்டா சரி. யாரு ஓடுறது?" என்றாள் மனைவி, வீங்கிய காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தபடி.

"நான்தான்."

மகள் தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். அம்பு கூடக் காதைத் தூக்கிப் பார்த்தது.

"அப்பா, நிஜமாவா?" என்றாள் மகள். அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "நிஜமாதான்" என்றார் அவர். இந்தத் தடவை அவர் உண்மையாகவே சொன்னார். அதில் நமக்குச் சந்தேகமே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு, அட்டைப் பெட்டி திறந்தது. மெல்லிய காகிதம் விலகியது. புது ஷூ தரையில் கீச்சிட, வேட்டைக்காரரும் அம்புவும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். முதல் பெஞ்சு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் பெஞ்சில் ஷூ நாடா அவிழ்ந்தது. உட்கார்ந்தார். கட்டும்வரை போகாமல் இருக்கட்டும் என்று கயிற்றைப் பெஞ்சுக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

அப்போது, குட்டைக் கால் நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். வந்தவர் சும்மா போயிருக்கலாம். "அழகா இருக்கே! உடம்பெல்லாம் புள்ளி, டால்மேஷனா சார்?" என்று கேட்டுவிட்டார்.

வேட்டைக்காரர் கண்களை மூடினார். பெருமூச்சு விட்டார்.

அவ்வளவுதான்.

புள்ளி வேறு, திட்டு வேறு என்று ஆரம்பித்தது பேச்சு. மூக்குத் துவாரத்தின் அமைப்பு வந்தது, காற்றைப் படிக்கும் கலை வந்தது, முன்காலைத் தூக்குவதன் பின்னணி வந்தது. கைத்தடியோடு ஒரு பெரியவர் சேர்ந்தார், தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு தாய் சேர்ந்தார், ஓட வந்த இரண்டு பேர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கக் கிடைத்த சாக்கென்று சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் கூடக் கூட அவர் குரலும் ஏறியது. "இந்த இனத்தை வெச்சிருக்கிறவங்க பல பேருக்கு இதோட அருமை தெரியுறதில்ல. வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சுடறாங்க. பாவம்! தினம் ரெண்டு மணி நேரமாவது ஓடணும் சார் இது. ஓட விடாம வளர்க்கிறது துரோகம். நான் பச்சையாவே சொல்லுவேன், துரோகம்!"

அம்பு பெஞ்சுக் காலடியில் உட்கார்ந்தது. எழுந்தது. உட்கார்ந்தது. ஓடுகிறவர் ஒவ்வொருவரையும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பயணி போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு ஒரு கொட்டாவி விட்டு முன்கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாக ஓய்வெடுத்தது.

தள்ளுவண்டித் தாய்தான் கேட்டார்: "அப்ப இன்னிக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டியாச்சா சார்?"

வேட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பதினைந்து வருடத்தில் அவர் ஓடிய முதல் ஓட்டம் அது. பூங்கா வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை அவர் உயிரைக் கொடுத்து ஓட, அம்பு பக்கத்தில் உல்லாசமாக நடந்தே வந்தது. மூன்று மாடி ஏறிக் கதவைத் தள்ளி உள்ளே விழுந்தபோது மணி ஒன்பது ஐம்பது.

சோபாவின் மிச்சமிருந்த பாதியில் உட்கார்ந்திருந்த மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் சட்டை பிழியும் நிலையில். இன்னொருவர் இப்போதுதான் குளித்துப் பவுடர் போட்ட மாதிரி.

"யாருங்க ஓடினது?"

"அது… ஒருத்தர் டால்மேஷன்னு சொல்லிட்டாரும்மா."

"அதனால?"

"விளக்கிட்டிருந்தேன்."

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு மணி நேரம் ஓடணும்னு ரெண்டு மணி நேரம் பேசினீங்களாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் போய், அம்புவின் தலையில் கையை வைத்தாள். "என் கண்ணு" என்றாள். இப்போது அவருக்குக் கேட்டது.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியின் மேல் தட்டிலிருந்து இறகுக் குச்சியை எடுத்தாள்.

"அப்பா, ஸ்கிரீனுக்குப் பின்னாடி நில்லுங்க. இதை வெளியில நீட்டி லேசா ஆட்டிக்கிட்டே இருக்கணும். அது அசையாது, குரைக்காது. நீங்களும் அசையக் கூடாது." ஒரு நிமிடம் யோசித்துச் சேர்த்தாள்: "பேசவும் கூடாது. முடியுமா?"

"முடியும்."

"அப்பா."

"முடியும்டா."

"அது பிட் அடிக்கிறது இல்லையா?" என்றாள் மனைவி. மகள் குச்சியை அப்பாவின் கையில் திணித்தாள். மனைவி இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பத்து மணிக்குச் செயலாளர் அட்டையும் தாளும் பேனாவுமாக வாசலில் நின்றார். பக்கத்தில் சாட்சிக்குக் கீழ்வீட்டுப் பெண்மணி. மனைவியும் மகளும் வெளியே வந்து கதவைப் பூட்டினார்கள்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "பூங்காவுல யார்கிட்டயோ நாயைப் பத்திப் பேசிட்டிருக்கார் அங்கிள்."

செயலாளர் தலையசைத்தார். ஒரு நொடி கூடச் சந்தேகப்படவில்லை. அந்த ஒரு பொய்யை ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக வேட்டைக்காரர் ஒன்றரை வருடம் உழைத்திருந்தார்.

உள்ளே, திரைச்சீலைக்குப் பின்னால், அவர் நின்றார். முழங்கால் உயரத்தில் இறகு வெளியே எட்டிப் பார்த்தது. அம்பு வந்தது. முன்கால் உயர்ந்தது. வால் நீண்டது. திரை விளிம்பின் இடுக்கு வழியே அவர் அதைப் பார்த்தார். நானூறு பேருக்காவது அவர் விளக்கிச் சொல்லியிருக்கும் காட்சி. கையெட்டும் தூரத்தில், வாயை மூடிக்கொண்டு, முதல் தடவையாகப் பார்க்கிறார். மூக்கு நுனி மட்டும் துடித்தது. தூக்கிய காலில் ஒரு நடுக்கம் மேலே ஓடித் தோளில் போய் அடங்கியது. இந்த உடம்பு எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது, நாம் அதைச் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த நிலை மூன்று நிமிடம் நீடித்தது.

நாலாவது நிமிடம் இடது காலில் குடைச்சல். பத்தாவது நிமிடம் தூசி. இறகுக் குச்சி மேல் தட்டுக்குப் போன நாள் முதல் தட்டப்படாத அத்தனை தூசியும் அந்தத் திரையில்தான் இருந்தது. தும்மல் மூக்குவரை வந்தது. மூக்கைத் திருகி உள்ளே அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார். கண்ணில் நீர் கொட்டியது. குச்சி ஆடியது. இருபது நிமிடம். முப்பது. தொடை மரத்துப் போனது. அம்பு கல்லாக நின்றது. எதிரே அவரும் கல்லாக நின்றார். அந்த அறையில் யார் வேட்டைக்காரர், யார் பறவை என்று நீங்கள் கேட்டால், ஷூ போட்டிருப்பவர்தான் பறவை.

வாசலில் கடிகாரம் நாற்பது நிமிடத்தைத் தொட்டது. செயலாளருக்கு முகம் கனிந்தது. கனிந்தால் அவருக்குப் பேச்சு வரும்.

"பரவாயில்லையே. சத்தமே காணோம். என்ன இருந்தாலும் காவல் நாய் பாருங்க, சொன்னா கேக்கும்."

திரைக்குப் பின்னால் குச்சி நின்றது. பிறகு ஆடியது.

"காவல் நாயா?" என்றார் கீழ்வீட்டுப் பெண்மணி. "எனக்கென்னவோ ரெண்டு மூணு ஜாதி கலந்த மாதிரி தெரியுது சார்."

கலந்ததா! வேட்டைக்காரர் குச்சியின் கைப்பிடியைக் கடித்தார்.

முப்பது அடிக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது மனைவிக்குப் பார்க்காமலே தெரியும். "வெயில் இப்பவே எப்படி ஏறுது பாத்தீங்களா சார்" என்று ஆரம்பித்தாள். மகளும், "ஆமா அங்கிள், ரொம்ப வெயில்" என்றாள்.

"வெயில் கெடக்கட்டும்மா. என் மச்சான் வீட்ல இதே ஜாதிதான் இருந்தது. எனக்கு நல்லாத் தெரியும்." நாற்பத்து மூன்று நிமிடம். "ஆடு மேய்க்க வெச்சிருந்தான். இது ஆடு மேய்க்கிற ஜாதி."

பிறகு, பூட்டிய கதவைத் துளைத்துக்கொண்டு, ஒன்றரை வருட வரலாற்றில் இல்லாத உரத்த குரலில்:

"ஆடு இல்ல சார்! பறவை! பறவை!"

மகள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். மனைவி சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். நடு அறையில் அம்பு, முன்கால் தூக்கியபடி, கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றது. அதன் எதிரே திரைச்சீலை. திரைச்சீலையில் ஓர் இறகுக் குச்சி. திரைச்சீலைக்குக் கீழே புத்தம் புது ஷூ இரண்டு.

செயலாளர் நிதானமாகப் போய்த் திரையை விலக்கினார்.

"முப்பது வருஷம் பரீட்சை ஹால்ல நின்னிருக்கேன் சார். பிட்டு அடிச்சவன் அவனா எழுந்து நின்னு பதிலைச் சத்தமாச் சொன்னதை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

குச்சி வேட்டைக்காரரின் கையிலிருந்து நழுவியது. அம்பு ஒரே தாவலில் அதைக் கவ்விக்கொண்டு, ஓர் இறகைக்கூட நசுக்காமல், மனைவியின் காலடியில் கொண்டுபோய் வைத்தது. "பார்த்தீங்களா, தாடை…" என்று வேட்டைக்காரர் தொடங்கினார். மனைவி பார்த்த பார்வையில் மிச்ச வார்த்தைகள் தொண்டைக்குள் திரும்பிப் போயின.

"நாய் போகணும்" என்றார் செயலாளர். "விதி விதிதான்."

"அங்கிள், அது குரைக்கலையே" என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. "தப்புப் பண்ணது நாங்க. அதை ஏன் கட்டிப் போடணும்?"

செயலாளர் தாளைப் பார்த்தார். அம்புவைப் பார்த்தார். கீழ்வீட்டுப் பெண்மணியைப் பார்த்தார்.

"நாய் குரைக்கலை சார். நான் சத்தத்தை வெச்சே பொழைக்கிறவ, நல்லாவே கேட்டேன்" என்றார் அந்த அம்மாள், சிரிப்பை அடக்க முடியாமல். "குரைச்சது இவருதான்."

கடைசியில் செயலாளர் எழுதியது இதுதான்: மாணவர் மேல் குற்றமில்லை. ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. அப்போது உரிமையாளர் வாசலில், தன் பக்கத்தில், கண்ணெதிரே நிற்க வேண்டும். அதுவரை தினமும் காலையில் உரிமையாளரே நாயை ஓட்டிப் போக வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து பூங்கா நன்றாகத் தெரியும். அந்த அம்மாள் கண்காணிப்பாளர்.

"தாராளமா சார்" என்றாள் மனைவி, உரிமையாளரைக் கேட்காமலே.

முதல் வாரம் அவரைத் தபால்காரர் நடந்தே முந்தினார். இரண்டாம் வாரம் தபால்காரரோடு சேர்ந்து போனார். பல் டாக்டர் கை காட்டினார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனார். பால்கனியில் இப்போது காப்பிக் கோப்பையோடு மனைவி. "காத்து எந்தப் பக்கம்னு பாருங்க!" என்று அவள் கூவுவது மூன்று மாடிக்கும் கேட்டது. அவள் கணுக்கால் மூன்றாம் வாரமே சரியாகிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுதேர்வு நாளன்று வாசலில் முக்கால் மணி நேரம் வேட்டைக்காரர் நின்றார். "ஆடு மேய்க்கிற ஜாதி எப்படித் தூங்குது பாத்தீங்களா?" என்று செயலாளர் இரண்டு முறை வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார். வேட்டைக்காரர் பதில் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கதவுக்குள்ளிருந்து அம்புவின் குறட்டை கேட்டது. தேர்ச்சி. மகள் தாளை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், அம்புவுக்கு எட்டாத உயரத்தில், ஒட்டினாள்.

அத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நேற்று மாடிப்படியில் பால் வாங்கி வந்த ஒருவரை அவர் நிறுத்திவிட்டார். "ஓடுறதுன்னா என்னன்னு நெனச்சீங்க? குதிகால் முதல்ல படவே கூடாது சார்…" என்று கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, ஆரம்பித்தார். அம்பு கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தது. பேச்சு பாதியில் படியிறங்கிப் போனது. ரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்ய?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் நாயே இல்லையே என்ற தைரியம். சரி. சுருட்டியது சுருட்டியபடி மூலையில் நிற்கும் உடற்பயிற்சி விரிப்பு யாருடையது? அதன் பலன்களைப் பற்றிப் போன வாரம் அரை மணி நேரம் பேசியது யார்? அதைக்கூட விட்டுவிடலாம். இந்தக் கதையைப் படிக்கும்போது, "எந்த வேட்டை நாயும் முக்கால் மணி நேரம் காலைத் தூக்கிக்கொண்டு நிற்காது" என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா இல்லையா? பக்கத்திலிருப்பவரைத் தட்டிக் கூப்பிட்டு அதை விளக்கிச் சொல்ல வேண்டும் போல இப்போதே வாய் துடிக்கிறதா?

துடித்தால், தயவுசெய்து போய் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நில்லுங்கள். இடம் காலியாகத்தான் இருக்கிறது.